நாக்அவுட்டுக்குப் பிறகு ஒரு பாக்ஸர் திரும்பி வருவது எதைப் பொறுத்தது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மோசமாக அடிவாங்கித் தோற்றவர்களில் லெனாக்ஸ் லூயிஸ் மாதிரி சிலர் மறுபடி சாம்பியன் ஆகிறார்கள், ராய் ஜோன்ஸ் மாதிரி சிலர் அதோடு சரிந்துவிடுகிறார்கள், இந்த வித்தியாசம் மனத்தைரியத்தில்தான் இருக்கிறதா? கடைசி வரியில், கல்லூரி அணியில் இருக்கும் உங்கள் தம்பி போன மாதம் நாக்அவுட் ஆனதையும், "தைரியமா இருந்தா போதும், அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்" என்று எல்லோரும் அவனைத் தேற்றுவதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. சாம்பியன்களுக்கு நடந்ததை வைத்து உங்கள் தம்பிக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். ஆனால் எந்தச் சாம்பியனை உதாரணமாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாக மாறும்.

நான் பல வருடங்களாக அமெச்சூர் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன், போட்டிகளில் கார்னரில், அதாவது ரவுண்டுக்கு நடுவே பாக்ஸருக்கு ஆலோசனை சொல்லும் மூலையில், நிற்கிறேன். மருத்துவன் இல்லை. மூளையைப் பற்றி இங்கே சொல்வது படித்ததும் ரிங் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும். கை, கால், கண் பற்றிச் சொல்வது நேரில் பார்த்தது. இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. ரெக்கார்டில் நாக்அவுட் என்று எழுதியிருப்பதை வைத்து ஒருவன் எவ்வளவு அடிவாங்கினான் என்று சொல்லவே முடியாது. ஒரே குத்தில் விழுந்து தோற்றவன் ஒருவன். பத்துப் பன்னிரண்டு ரவுண்டு நின்று, தலையில் நூற்றுக்கணக்கில் வாங்கி, பாயிண்டில் தோற்றவன் இன்னொருவன். ஏன், ஜெயித்தவன்கூட அந்த இரண்டாவது ஆளாக இருக்கலாம். பார்க்கிறவர்கள் விழுந்தவனுக்குத்தான் பரிதாபப்படுவார்கள். நான் நின்றவனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன்.

ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த லூயிஸ் விஷயத்தையே பார்ப்போம். 1994 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஆலிவர் மெக்கால் இரண்டாவது ரவுண்டில் ஒரே வலது குத்தில் அவரைச் சாய்த்தார். லூயிஸ் எழுந்தார், கால் நிலைக்கவில்லை, ரெஃப்ரி நிறுத்திவிட்டார். மொத்தமே நான்கு நிமிடத்துக்கும் குறைவான சண்டை. அன்று மெக்காலின் கார்னரில் நின்றவர் டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற பயிற்சியாளர் இமானுவல் ஸ்டீவர்ட். லூயிஸ் எந்த இடத்தில் தன் காவலைத் திறந்துவிடுகிறார் என்று கண்டுபிடித்து மெக்காலைத் தயார் செய்தவர் அவர்தான். லூயிஸ் பிறகு அதே ஸ்டீவர்ட்டைத் தன் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். தன்னை எப்படித் தோற்கடிப்பது என்று யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவரிடமே போய்க் கற்றுக்கொண்டார். 1997 பிப்ரவரியில் மெக்காலை வென்று பட்டத்தை மீட்டார். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ஹாசிம் ரஹ்மானிடம் ஐந்தாவது ரவுண்டில் மறுபடி ஒரே வலது குத்தில் விழுந்தார். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரம், அந்தக் காற்றுக்குப் பழக நாள் வேண்டும். அவர் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார், உடம்பும் கனத்திருந்தது. அதே வருடம் நவம்பரில் லாஸ் வேகாஸில் ரஹ்மானை நான்காவது ரவுண்டில் படுக்கவைத்தார்.

இந்த இரண்டு தோல்வியிலும் லூயிஸ் வாங்கிய மொத்த அடி குறைவு. தோல்விக்கான காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது, திருத்தக்கூடியதாக இருந்தது. தைரியம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் தைரியம் வேலை செய்வதற்கு உடம்பில் இடம் பாக்கி இருந்தது.

இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியன் விளாதிமிர் கிளிட்ச்கோவும் இதே ரகம்தான். 2003ல் கோரி சாண்டர்ஸ் அவரை இரண்டே ரவுண்டில் முடித்தார், அடுத்த வருடம் லேமன் ப்ரூஸ்டர் ஐந்து ரவுண்டில். ஆள் தீர்ந்தார் என்றுதான் அன்றைக்குப் பேச்சு. அங்கேயும் ஸ்டீவர்ட்தான் பழுது பார்த்தார். நீளமான இடது ஜாப் (முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டி விடும் குத்து), அதன் பின்னால் வலது, எதிராளி நெருங்கினால் உடனே கட்டிப்பிடித்துவிடுவது. பார்ப்பதற்கு அழகில்லை என்று ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் 2006 ஏப்ரலில் பிடித்த பட்டத்தை 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் தோற்கும்வரை அவர் விடவில்லை. தனக்கு எது பலவீனம் என்று ஒப்புக்கொண்டு, அது தெரியாதபடி மொத்த ஆட்டத்தையும் மாற்றிக் கட்டியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

இப்போது மெல்ட்ரிக் டெய்லர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு லூயிஸைவிட இவர்தான் முக்கியம். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் தங்கம் வென்றவர். 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் ஹுலியோ சீசர் சாவேஸை எதிர்த்து இறங்கினார். இருவருமே தோற்காதவர்கள். டெய்லரின் கைவேகத்துக்கு சாவேஸால் ஈடுகொடுக்க முடியவில்லை. பதினோரு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களில் இருவரின் அட்டையில் டெய்லர் ரொம்ப தூரம் முன்னால் இருந்தார். ஆனால் அந்தச் சண்டையின் பதிவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். டெய்லர் மூன்று நான்கு குத்து விடுகிறார், சாவேஸ் ஒன்று விடுகிறார். அந்த ஒன்றில் டெய்லரின் தலை பின்னால் போய்வருகிறது. ரவுண்டு ஏற ஏற அவர் முகம் வீங்குகிறது, வாயிலிருந்து ரத்தம் வருகிறது. பன்னிரண்டாவது ரவுண்டின் முடிவில் கார்னர் பக்கம் விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழுந்தார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் முகத்துக்கு நேராக நின்று கேட்டார், சரியான பதில் வரவில்லை, நிறுத்திவிட்டார். சண்டை முடிய 2 விநாடி பாக்கி இருந்தது.

அந்த 2 விநாடியைப் பற்றி முப்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் பார்வையில், ஸ்டீல் விட்டிருந்தால் டெய்லர் ஜெயித்திருப்பார், அவருக்கு ஏற்பட்ட சேதத்தில் எந்த மாற்றமும் இருந்திருக்காது. முக எலும்பு ஏற்கெனவே முறிந்திருந்தது, ரத்தத்தை நிறைய விழுங்கியிருந்தார். அதற்குப் பிறகும் அவர் திரும்பி வந்தார் என்பதைக் கவனியுங்கள். 1991 ஜனவரியில் ஆரோன் டேவிஸை வென்று மேல் எடைப்பிரிவில் உலகப் பட்டமே பிடித்தார். ரெக்கார்டை மட்டும் பார்த்தால் ஒரு வருடத்துக்குள் மீண்டுவிட்டார். 1992ல் டெர்ரி நாரிஸ் நாலே ரவுண்டில் அவரை முடித்தார், அதே வருடம் கிறிசாந்தோ எஸ்பான்யாவும் நிறுத்தினார். 1994ல் சாவேஸிடம் மறுபடி தோற்றார். அப்படியும் 2002 வரை ரிங்கில் இருந்தார். பிற்காலப் பேட்டிகளில் அவர் பேச்சு குழறுவதைக் கேட்டவர்கள் யாரும் 1990க்கு முந்தைய அவர் பேட்டியோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஒருவர் பட்டத்தை மீட்டார் என்பதற்கும் உடம்பு மீண்டது என்பதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பையன்களுக்குப் புரியவைப்பது எனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை, பெற்றோருக்குப் புரியவைப்பது அதைவிடக் கஷ்டம்.

ஜெயித்தவனுக்கும் இது நடக்கும் என்று சொன்னேன். 1975 அக்டோபர் 1, மணிலா. பதினான்கு ரவுண்டு முடிந்து, ஜோ ஃப்ரேசியரின் கண் வீங்கி மூடிய நிலையில், பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரைப் பதினைந்தாவதுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். வெற்றி முகமது அலிக்கு. அன்றைக்குப் பிறகு இருவருமே பழைய ஆட்கள் இல்லை என்பதுதான் பாக்ஸிங் உலகின் பொதுவான அபிப்பிராயம், எனக்கும் அதேதான். ஃப்ரேசியர் கிட்டத்தட்ட அதோடு முடித்துக்கொண்டார். அலி அதன் பிறகு இன்னும் 10 சண்டை போட்டார். அன்று இருவரில் அதிர்ஷ்டசாலி, கார்னரில் ஃபட்ச் இருந்த ஃப்ரேசியர்தான் என்று நினைக்கிறேன்.

சரி, மூளை விஷயத்தில் எது நிச்சயம்? ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) தாடையில் படும்போது தலை சட்டென்று சுழல்கிறது. மண்டைக்குள் இருக்கும் மூளை அதே வேகத்தில் சுழல்வதில்லை, அதனால் உள்ளே நரம்பிழைகள் இழுபடுகின்றன. சாதாரண ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், இந்த இழுபடுதலைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே ஸ்கேன் நார்மல் என்றால் உயிருக்கு ஆபத்தான கசிவு இல்லை என்று அர்த்தம், ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. 2006ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெச்சூர் பாக்ஸர்களின் தண்டுவட நீரைப் போட்டி முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பிழைகள் சேதமானால் கசியும் புரதம் அதில் கூடியிருந்தது, தலையில் அதிகம் வாங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாக. மூன்று மாதம் ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. கவனியுங்கள், இது தலைக்கவசம் போட்ட, மூன்று நான்கு ரவுண்டு அமெச்சூர் சண்டை. தலைவலியும் மயக்கமும் ஒரு வாரத்தில் போய்விடலாம், உள்வேலை அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கிறது. அது முடிவதற்குள் இன்னொரு பலமான அடி விழுவதுதான் எல்லா டாக்டர்களும் பயப்படுவது. லாஸ் வேகாஸில் கிளீவ்லேண்ட் கிளினிக் 2011 முதல் சண்டைக்காரர்களைத் தொடர்ந்து பரிசோதித்துவருகிறது. அங்கே சண்டைகளின் எண்ணிக்கை கூடக்கூட மூளையின் சில பகுதிகளின் அளவு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

எது சந்தேகத்துக்குரியது? "தாடை போச்சு" என்று நாங்கள் ஜிம்மில் சொல்வது. ஒருமுறை நாக்அவுட் ஆனவன் அதன் பிறகு சின்ன அடிக்கும் விழுவான் என்பது பழைய நம்பிக்கை. அப்படி நடப்பதைப் பார்க்கிறோம், ஆனால் காரணம் அந்த முதல் நாக்அவுட்தானா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. ராய் ஜோன்ஸையே எடுங்கள். 2003ல் உடம்பை ஏற்றி ஹெவிவெயிட்டில் ஜான் ரூயிஸை வென்றார், அதே வருடம் எடையை இறக்கி லைட் ஹெவிவெயிட்டுக்குத் திரும்பினார். 2004 மே மாதம் அன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டில் ஒரே இடது குத்தில் அவரைச் சாய்த்தார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பரில், க்ளென் ஜான்சனை எதிர்த்து இறங்கினார். ஒன்பதாவது ரவுண்டில் விழுந்தவர் பல நிமிடம் எழவில்லை. அப்போது அவருக்கு வயது 35. அவர் பாணியே கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு வேகத்தால் தப்பிப்பது. வேகம் ஒரு துளி குறைந்தால் அந்தப் பாணிக்குக் காவலே கிடையாது. வயதா, எடை விளையாட்டா, டார்வரின் குத்தா, சீக்கிரம் இறங்கியதா? நான்கும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன், எது எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. மானி பாக்கியாவோ 2012 டிசம்பரில் மார்க்கெஸிடம் முகம் குப்புற விழுந்தபோது ஏறத்தாழ அதே வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வருடம் ரிங் பக்கமே சண்டைக்கு வரவில்லை. 2019ல் 40 வயதில் கீத் தர்மனை வென்றார். அந்த ஒரு வருடம் உதவியது என்பது என் ஊகம், நிரூபணம் இல்லை. அலியின் பார்க்கின்சன் நோயில் பாக்ஸிங்கின் பங்கு எவ்வளவு என்பதும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இனி மனசு. அதற்கு இடமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஃப்ளாய்ட் பேட்டர்சன் 1959ல் இங்கமார் ஜோஹான்சனிடம் ஒரே ரவுண்டில் 7 முறை விழுந்தார். அவமானத்தில் கூனிக் குறுகிப்போனார். ஒரு வருடம் ஒதுங்கியிருந்து பயிற்சி செய்து, 1960 ஜூனில் ஜோஹான்சனை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தி, இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் மனிதர் ஆனார். அதே பேட்டர்சன் 1962ல் சன்னி லிஸ்டனிடம் முதல் ரவுண்டிலேயே தோற்றபோது, யாரும் அடையாளம் காணக்கூடாது என்று முன்கூட்டியே வாங்கிவைத்திருந்த ஒட்டுத்தாடியோடு கிளம்பிப் போனார். மறு சண்டையிலும் முதல் ரவுண்டைத் தாண்டவில்லை. ஒரே மனிதர், ஒரே மனசு. ஜோஹான்சனுக்கு அவரிடம் பதில் இருந்தது, லிஸ்டனுக்கு இல்லை. தைரியத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

ஜிம்மில் நான் பார்ப்பது வேறு மாதிரி. நாக்அவுட் ஆகித் திரும்பும் பையன் பையில் குத்தும்போது எந்த வித்தியாசமும் தெரியாது, முன்னைவிட ஆவேசமாகக்கூடக் குத்துவான். பேட் (பயிற்சியாளர் கையில் மாட்டிக்கொண்டு குத்து வாங்கும் திண்டு) பிடித்தால்தான் தெரியும். நான் பேடைச் சும்மா அவன் காதுப் பக்கம் கொண்டுபோவேன். குத்து வருவதற்கு முன்பே கண் மூடும். முன்னால் முழுசாகப் போன ஜாப் பாதியில் நின்று திரும்பும், வலது கை தாடையை விட்டு அடி வரும் பக்கம் தேடிப் போகும். சூடு கண்ட பூனை மாதிரி. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, உடம்பு தானாகச் செய்வது. மெதுவான பேட், தெரிந்த பார்ட்னர், உடம்பில் மட்டும் குத்தும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) என்று வாரக்கணக்கில் செய்தால் பெரும்பாலும் சரியாகும். எனக்குக் கவலை தருபவன் வேறொருவன். பயம் இல்லை என்று காட்டுவதற்காக முதல் நாளே முகத்தைக் கொடுத்துக்கொண்டு முன்னால் ஏறுகிறவன். எல்லோரும் அவனைத்தான் கைதட்டிப் பாராட்டுவார்கள்.

ஆன்டனி ஜோஷ்வாவைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. 2019 ஜூனில் ஆண்டி ரூயிஸிடம் நான்கு முறை விழுந்து தோற்றார். டிசம்பரில் எடை குறைத்து வந்து, தூரத்திலேயே நின்று ஜாப் போட்டுப் பாயிண்டில் ஜெயித்தார். பயந்துவிட்டார் என்றார்கள். பாடம் கற்றவனும் பயந்தவனும் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், கற்றவன் குத்திவிட்டு விலகுவான், பயந்தவன் குத்தாமலே விலகுவான். ஜோஷ்வா அன்று குத்தினார்.

உங்கள் தம்பிக்கு வருவோம். சர்வதேச அமெச்சூர் விதிப்படி தலை அடியால் நிறுத்தப்பட்டவனுக்குக் குறைந்தது 30 நாள் ஓய்வு, நினைவு தப்பியிருந்தால் அதைவிட அதிகம், மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை என்றால் 90 நாள், ஒரு வருடத்துக்குள் மூன்றாவது என்றால் ஒரு வருடம். ஸ்பாரிங்கும் அதில் அடக்கம். இது குறைந்தபட்சம்தான். என் பையன்களை மூன்று மாதத்துக்கு முன் தலைக்கு ஸ்பாரிங் செய்ய நான் விடுவதில்லை. இன்னும் பார்க்கவில்லை என்றால் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டுங்கள், ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பு என்று எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. எப்படி இருக்கிறாய் என்று அவனிடம் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான், எல்லாப் பையன்களும் அப்படித்தான். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், ஹாஸ்டல் என்றால் அறை நண்பனிடம் கேளுங்கள்: தூங்குகிறானா, முன்னைவிட எரிந்து விழுகிறானா, பேசிக்கொண்டிருக்கும்போதே எதைப் பேசினோம் என்று மறக்கிறானா.

அதெல்லாம் சரியாக இருந்தால், அந்தச் சண்டையின் வீடியோவை அவனும் அவன் பயிற்சியாளரும் உட்கார்ந்து பார்க்கட்டும். அடி விழுந்த கணத்தைவிட அதற்கு முந்தைய அரை நிமிடம்தான் முக்கியம். கை தாழ்ந்திருந்ததா, மூச்சு வாங்கியதா, கால் ஒட்டிக்கொண்டதா? அப்புறம், எடை போடும் நாளுக்கு முன்னால் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தி உடம்பை வற்றவைத்தானா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர் செய்கிறார்கள், நீர் வற்றிய உடம்போடு ரிங்கில் ஏறுவது ஆபத்து. ஆமாம் என்றால், ரிங்குக்குத் திரும்புவதற்கு முன்னால் அவனை அடுத்த எடைப்பிரிவுக்கு மாற்றுவது பற்றிப் பயிற்சியாளரிடம் பேசுங்கள்.